ஹவுஸ் ஓனர் வீட்டுக் குட்டிக் கம்ப்யூட்டர்

வாடகை வீட்டில் இருப்பவனுக்கு ஹவுஸ் ஓனரைப் பார்த்தால் பயம் வருவது இயற்கை. எனக்கு அவருடைய செருப்பைப் பார்த்தாலே வரும். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடி போர்ஷனில் நாங்கள் குடியேறிய புதிதில், கீழ்வீட்டு வாசலில் அந்தப் பழுப்புத் தோல் செருப்பு கிடந்தால் அவர் வீட்டில் இருக்கிறார் என்று பொருள். உடனே என் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் படியேறுவேன். (என் மனைவி ராஜி ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, "திருடன்கூட இப்படி ஏற மாட்டான்" என்றாள். திருடனுக்கு என்ன, அவன் அக்ரிமென்ட் போட்டிருக்கிறானா?)

வெங்கட்ராமன் சார் கெட்டவர் இல்லை. ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. ஏதோ ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் தணிக்கைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் எதையும் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்ப்பார், அவ்வளவுதான். "மிஸ்டர் செல்வம், நேத்து ஒம்பதரைக்கு உங்காத்துல யாராவது நாற்காலியை இழுத்தேளா?" என்று மெதுவாகக் கேட்பார். இழுக்காத நாற்காலிக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவேன்.

அந்த வருடம் பயப்படுவதற்குக் கூடுதலாக ஒரு காரணமும் இருந்தது. ராஜிக்கு ஏழாவது மாதம். எங்கள் பதினோரு மாத அக்ரிமென்ட் அடுத்த மாதத்தோடு முடிகிறது. சாருடைய அண்ணன் மகன் பெங்களூரிலிருந்து மாற்றலாகி வருகிறான், மாடி போர்ஷனைக் கேட்கிறான் என்று பால்காரர் மூலமாகத் தகவல் வந்தது. கோவில்பட்டியிலிருந்து என் அம்மா போனில் தீர்ப்பே சொல்லிவிட்டாள். "ஏல, வயித்துப் பிள்ளைக்காரியக் கூட்டிக்கிட்டு வீடு மாத்தக் கூடாது, ஆமா. அந்தப் பெரியவரு கால்ல விழுந்தாவது அங்கனயே இரு." எந்த விஷயத்திலும் என் அம்மாவோடு ஒத்துப்போகாத என் மாமியார், இந்த ஒரு விஷயத்தில் வரிக்கு வரி அதையே சொன்னார்.

இந்த நிலைமையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சார் என்னைக் கீழே கூப்பிட்டார். நாற்காலி விஷயம்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"மிஸ்டர் செல்வம், நீங்க ஐ.டி.தானே?"

கழுத்தில் அடையாள அட்டை தொங்கினால் போதும், மிக்சி முதல் மோட்டார் வரை எல்லாவற்றையும் அவன் பழுது பார்ப்பான் என்பது இந்த ஊரின் நம்பிக்கை. நான் அடையாறில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்தது உண்மை. அங்கே மனிதவளப் பிரிவில் யார் எத்தனை நாள் லீவு எடுத்தார்கள் என்று பட்டியல் போடுவதுதான் என் வேலை என்பதும் உண்மை. இரண்டாவது உண்மையை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "ஆமா சார்" என்றேன்.

விஷயம் இதுதான். அவருடைய ஒரே மகள் வைஷ்ணவியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். நல்ல இடம். வைஷ்ணவி முறையாகப் பாட்டுக் கற்றவள். ஆனால், "நாலு பேர் முன்னாடி உக்காந்து பாடிக் காட்ட நான் என்ன பரீட்சையா எழுதறேன்?" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. போன மார்கழியில் அவள் ஒரு சபாவில் பாடிய கச்சேரியின் வீடியோவை டிவியில் ஓடவிடுவது. பெண்ணும் பாட வேண்டாம், பாட்டும் கேட்டதாகிவிடும். சிக்கல் என்னவென்றால், சார் வீட்டு டிவி பெரியதாக இருந்தாலும் பழையது. பென்டிரைவைச் செருகினால் இந்த வீடியோ எனக்கு ஆகாது என்று திரையில் எழுதிக் காட்டியது.

"டிவி நன்னாத்தான் இருக்கு. எதுக்கு மாத்தணும்? சின்னதா ஒரு கம்ப்யூட்டர் வாங்கி இதோட சேர்த்துட்டா, போட்டோ, பாட்டு, படம் எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டு வெச்சுக்கலாமாமே. அஞ்சாயிரத்துக்குள்ள பாருங்கோ" என்றார். அப்புறம் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "இந்தக் காரியம் நல்லபடியா முடியட்டும். உங்க அக்ரிமென்ட் பத்தி அப்பறமா பேசலாம்."

மாடிக்கு வந்து ராஜியிடம் சொன்னேன். அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "உங்களுக்கு நம்ம வீட்டு டிவியிலயே சேனல் வரிசை மாத்தத் தெரியாதேங்க" என்றாள்.

அந்த ஒரு வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. தி. நகரில் ஒரு பெரிய ஷோரூமில் போய்க் கேட்டேன். அவர்கள் காட்டிய குட்டிக் கம்ப்யூட்டரின் விலையில் ராஜியின் வளைகாப்பையே முடித்துவிடலாம். டிவியின் பின்னால் செருகும் குச்சி ஒன்று மலிவாகக் கிடைத்தது. அதற்கு நல்ல இன்டர்நெட் வேண்டும். சார் வீட்டு இன்டர்நெட்டோ கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் கல்லருகே மட்டும்தான் வரும். ஆபீஸ் நண்பன் ஒருவனிடமிருந்து ஒரு பெட்டியை இரவல் வாங்கிவந்து போட்டுப் பார்த்தேன். வீடியோ ஓடியது. ஆனால் பாட்டு முன்னாலும் வாய் பின்னாலும் வந்தது. வைஷ்ணவிக்கு யாரோ பின்னணி பாடுவதுபோல் இருந்தது. பெண் பார்க்கும் இடத்தில் இதைவிட வேறு வினை வேண்டுமா?

அதே நண்பன் கிரெடிட் கார்டு அளவில் ஒரு போர்டைக் கொடுத்தான். அதுவே முழுக் கம்ப்யூட்டராம். மேலே மூடி கிடையாது, கீழே பெட்டி கிடையாது. சார் அதைக் கையில் வாங்காமலே பார்த்தார்.

"இதென்ன, அம்மணமா இருக்கே. பல்லி விழுந்தா?"

இந்தத் துறையில் பல்லியைப் பற்றி யாருமே எழுதி வைத்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு (அதையும் நானே என் பட்டியலில் ஏற்றிவிட்டு) சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் இறங்கி, அங்கிருந்து ரிச்சி தெருவுக்கு நடந்தேன். எலெக்ட்ரானிக்ஸ் கடைகளாலேயே ஆன தெரு. ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று, கடைக்காரர் நிமிர்ந்து பார்த்ததும் நகர்ந்துவிடுவேன். விலை கேட்கவும் பயம், கேட்டபின் அவர் திருப்பிக் கேட்கும் கேள்விகளுக்கு அதைவிடப் பயம். கடைசியில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் ஒரு பாய் என்னைப் பிடித்துவிட்டார்.

"இன்னா நைனா, மூணு தபா இந்தாண்ட போய்க்கினு வந்துக்கினு கீற. இன்னா தேடுற?"

சொன்னேன். அவர் உள்ளே கையை விட்டு, டிபன் டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தார். "இது ஒரு லேப்ல ஓடுன மால். ரத்தம் டெஸ்ட் எடுப்பாங்கோ இல்ல, அங்க. எட்டு ஜிபி கீது. படம் சும்மா தண்ணி மாதிரி ஓடும். நாலாயிரத்து ஐந்நூறு குடு. ஒண்ணே ஒண்ணு, உள்ள இருக்கறதெல்லாம் சுத்தமா அழிச்சிட்டுப் புச்சா போட்டுக்கணும். ஒரு மணி நேரம் குந்து, நானே போட்டுத் தர்றேன்."

"வேணாம் பாய். நான் ஐ.டி.தான்" என்றேன். ஒரே வாரத்தில் இரண்டாவது பொய்.

"அப்ப சரி, உனக்கே தெரியும்" என்று பெட்டியைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். அந்த மனிதர்மேல் ஒரு குற்றமும் கிடையாது.

வீட்டுக்கு வந்து அழிக்கும் இடம்வரைக்கும் போனேன். 'எல்லாமே போய்விடும், உறுதியா?' என்று அது கேட்டது. எல்லாமே போனபிறகு திரும்ப எதுவுமே வராவிட்டால்? அண்ணன் மகன் லாரியில் சாமான்களோடு வந்து இறங்குவது கண்ணில் தெரிந்தது. 'வேண்டாம்' என்பதை அழுத்தினேன். வீடியோ ஓட்டும் மென்பொருளை மட்டும் போட்டேன். திரையின் பின்னணிப் படத்தைக் கோபுரமாக மாற்றினேன். காரை பெயர்ந்த சுவரில் காலண்டர் மாட்டுவோமே, அந்த வேலைதான்.

சனிக்கிழமை மதியம் சார் வீட்டு ஹாலில் பொருத்தினேன். என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கருவி நான் சொன்னதைக் கேட்டது. வைஷ்ணவி திரையில் வந்தாள், வாயும் பாட்டும் ஒன்றாக இருந்தன. டிவியின் சத்தம் போதாது என்று சார் தம் இளமையில் வாங்கிய ஆம்ப்ளிஃபையருக்குக் கம்ப்யூட்டரிலிருந்து நேராக ஒரு ஒயரைச் செருகினார். இரண்டு பெரிய ஸ்பீக்கர்களிலிருந்து தம்பூரா கிளம்பியதும் சார் வீட்டு மாமி சமையலறையிலிருந்து ஓடிவந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்படியே கையோடு குட்டிக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, மேலே ஒரு கிள்ளு மல்லிகையும் வைத்தார்.

நான்கு மணிக்குச் சார் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரையும் ஆம்ப்ளிஃபையரையும் டிவிக்குக் கீழே இருந்த கண்ணாடி ஷோகேஸுக்குள் தள்ளிப் பூட்டினார். பிளக் பாயின்ட்டும் அதற்குள்ளேதான் இருந்தது. "யாராவது கையை வெச்சுடப்போறா." சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டார். அவர் வீட்டுப் பீரோ சாவி, லாக்கர் சாவி எல்லாமே அங்கேதான் இருக்கும். சாவி தொலைந்தது என்ற பேச்சே அந்த வீட்டில் கிடையாது.

பூட்டிய கண்ணாடிக்குள் காற்று போகாதே, சூடேறி நின்றுவிட்டால் என்ன செய்வது என்று இரவெல்லாம் புரண்டேன். இப்போது நினைத்தால், அது சூடேறி நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஞாயிறு ராகுகாலம் ஆறு மணிக்கு முடிகிறது. மாப்பிள்ளை வீட்டார் தெருமுனையில் காரிலேயே உட்கார்ந்திருந்து, ஆறு மூன்றுக்கு உள்ளே வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, மூன்றே பேர். சார் முன்னதாகவே ஷோகேஸைத் திறந்து எல்லாவற்றையும் ஓடவிட்டு, திரும்பப் பூட்டிவிட்டுப் பட்டு ஜிப்பாவுக்கு மாறியிருந்தார். நான் டிவிக்கு அருகே, கையில் ஒரு சின்ன ரிமோட்டோடு, சுவரோடு சுவராக நின்றேன். "மாடியில குடியிருக்கார். கம்ப்யூட்டர் எக்ஸ்பர்ட்" என்று சார் அறிமுகப்படுத்தினார். மூன்றாவது பொய்க்கு நான் வாயே திறக்கவில்லை, அது தானாக நடந்தது.

கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. நான் பட்டனை அழுத்தினேன். வைஷ்ணவி திரையில் பாடினாள். நேரிலிருந்த வைஷ்ணவி தரையைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் அம்மா தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். சார் என்னைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தார். அந்த ஒரு அசைவில் பதினோரு மாதம் இருந்தது.

சரியாக ஆறரை மணிக்கு வைஷ்ணவி மறைந்தாள். திரை முழுக்க நீலம். நடுவில் பிரம்மாண்டமாக '1' என்ற எண். மணி ஓசை ஒன்று. பிறகு அந்தப் பெரிய ஸ்பீக்கர்கள் இரண்டிலிருந்தும், கண்டிப்பான ஒரு பெண் குரல்:

"டோக்கன் எண் ஒன்று. அறை எண் இரண்டுக்குச் செல்லவும்."

மாப்பிள்ளை பாதி எழுந்துவிட்டார். (அனிச்சையாகத்தான். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, எனக்கே போக வேண்டும்போல் இருந்தது.)

அந்த லேபில் மாலை நேரத்து வேலை ஆறரைக்கு ஆரம்பமாம். ஆள் இல்லாவிட்டாலும் தானாகவே எழுந்து நோயாளிகளைக் கூப்பிடும்படி யாரோ ஒரு புண்ணியவான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், என் கையிலிருந்த ரிமோட்டின் எந்தப் பட்டனுக்கும் அது மசியவில்லை என்பதுதான். டிவி ரிமோட்டை எடுத்து டிவியையே அணைத்தேன். படம் போயிற்று. குரல் ஆம்ப்ளிஃபையர் வழியாக வந்துகொண்டே இருந்தது.

"சர்க்கரைப் பரிசோதனைக்கு வருபவர்கள் வெறும் வயிற்றில் வரவும்."

மாப்பிள்ளையின் அப்பா, வாய்க்கருகே கொண்டுபோன கேசரி ஸ்பூனைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"மிஸ்டர் செல்வம்!" முதல் முறையாகச் சார் கத்தினார்.

"தயவுசெய்து அமைதி காக்கவும்" என்றது குரல்.

நான் ஓடினேன். மாடிப்படிக்குக் கீழேதான் மெயின் ஸ்விட்ச். இழுத்து அணைத்துவிட்டேன். ஏ.சி. நின்றது, மின்விசிறி நின்றது. சந்துக்கே ஒரு நிம்மதியான அமைதி வந்தது. அந்த அமைதியில், முன்னைவிடத் தெளிவாக, "டோக்கன் எண் இரண்டு" என்று கேட்டது. ஹால் விளக்குக்கும் டிவிக்கும் இன்வெர்ட்டர் இருக்கிறது என்பதை, அவ்வப்போது அந்த இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கும் நான், மறந்துபோயிருந்தேன்.

திரும்பி வந்தபோது கண்ட காட்சியை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். சார் ஷோகேஸ் முன்னால் மண்டியிட்டிருந்தார். வந்தவர்கள் முன்னால் ஜிப்பாவைக் கழற்ற முடியாமல், கழுத்து வழியாகக் கையை விட்டுப் பூணூலை வெளியே இழுத்திருந்தார். சாவி வந்துவிட்டது, ஆனால் நூல் எட்டவில்லை. அதனால் பூட்டுக்கு முகத்தைக் கொண்டுபோய், கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டவைத்துச் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"தைராய்டு பரிசோதனைக்கு வந்திருப்பவர்கள் அறை எண் மூன்றில் காத்திருக்கவும்."

மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்தார். "ஏன் மாமி, ஆத்துல யாருக்காவது உடம்பு சரியில்லையோ?"

கல்யாணப் பேச்சில் இதைவிட ஆபத்தான கேள்வி கிடையாது. மாமியின் முகம் வெளுத்தது. "சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லையே" என்றார்.

"எனக்குத் தைராய்டு இருக்கு" என்றாள் வைஷ்ணவி. தரையைப் பார்த்தபடி இல்லை, நேராகப் பார்த்து. "ரெண்டு வருஷமா தினம் காலம்பற ஒரு மாத்திரை. இப்போ சொல்ல வேண்டாம்னு எங்காத்துல சொன்னா. எனக்கு அது பிடிக்கலை."

சார் கண்ணாடியில் கன்னத்தோடு அப்படியே இருந்தார். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. வீடு போனது போகட்டும், ஒரு பெண்ணின் கல்யாணத்தையும் கெடுத்துவிட்டேனே.

"எத்தனை?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

"அம்பது மைக்ரோகிராம்."

"எனக்கு நூறு. பதினெட்டு வருஷமா." அவர் கணவர் பக்கம் திரும்பினார். "நாமளும் சொல்லிடலாம்னு கார்ல வரச்சேயே சொன்னேனோல்லியோ? உங்க சுகரையும் சேர்த்துச் சொல்லிடுங்கோ. கேசரியை வேற ரெண்டு தரம் வாங்கிண்டேள்."

சாவி திரும்பியது. சார் கண்ணாடியைத் திறந்து, கைக்குக் கிடைத்த ஒயரையெல்லாம் பிடுங்கினார். மூன்றாம் எண் நோயாளி பாதியில் நின்றுபோனார். மாப்பிள்ளை அப்போதுதான் முதல் முறையாக வாய் திறந்தார்.

"பாட்டு பாதியில நின்னுடுத்தே."

"ஃபேன் ஓடினா மீதியை நானே பாடறேன்" என்றாள் வைஷ்ணவி.

"மெயினை அணைச்சது யாரு?" என்றார் சார், மண்டியிட்டபடியே.

அதைப் போடப் போனவன்தான், திரும்ப ஹாலுக்குள் போகவில்லை. படியில் உட்கார்ந்து மீதிப் பாட்டைக் கேட்டேன். நன்றாகத்தான் பாடினாள்.

நான்கு நாட்கள் கீழேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. ராஜி பாத்திரங்களைக்கூட மெதுவாகக் கழுவினாள். வியாழக்கிழமை மாலை படியில் காலடி கேட்டது. அவர் மாடிக்கு வந்ததே அதுதான் முதல் தடவை. கையில் முத்திரைத்தாள். ராஜி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"உக்காரும்மா" என்றார். "அவா சம்மதம் சொல்லிட்டா. தை மாசம் கல்யாணம்." கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "மாத்திரையை மறைக்கணும்னு சொன்னது நான்தான், மிஸ்டர் செல்வம். அவா கண்டுபிடிச்சுட்டா என்ன பண்றதுன்னு ஒரு மாசமா எனக்குத் தூக்கமே இல்லை. ரொம்பப் பயந்துண்டிருந்தேன்."

நான் அந்த ஒரு மாதமும் மாடியில் அவரை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். அவர் அதே ஒரு மாதமும் கீழே பயந்துகொண்டிருந்திருக்கிறார். "சாரி சார்" என்றேன்.

"அண்ணா பிள்ளை வேற வீடு பாத்துப்பான். இதுல கையெழுத்துப் போடுங்கோ" என்று தாளை நீட்டினார். பதினோரு மாதம். வாடகை அதே. பழைய அக்ரிமென்டில் பதின்மூன்று ஷரத்துகள்தான் உண்டு. இதில் பதினான்காவதாக ஒன்று புதிதாக டைப் செய்யப்பட்டிருந்தது: குடியிருப்பவர், வீட்டு உரிமையாளருடைய மின்சார, மின்னணுச் சாதனங்கள் எதையும் வாங்கித் தரவோ, பொருத்தவோ, அவை குறித்து ஆலோசனை கூறவோ கூடாது. ராஜி அதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில், பிரசவம் அங்கேயே ஆகிவிடுமோ என்று நான் பயந்தேன்.

ஏழு வருடமாகிறது, அதே வீட்டில்தான் இருக்கிறோம். வருடா வருடம் அக்ரிமென்ட் மாறினாலும் பதினான்கு மாறவில்லை. ஒருமுறை டைப் அடிப்பவர் தவறுதலாக வந்த வரி என்று நினைத்து விட்டுவிட்டார். சார் பேனாவால் எழுதிச் சேர்த்தார். அந்த வீட்டிலேயே பிறந்து, பாதி நாள் கீழ்வீட்டிலேயே வளரும் என் மகளுக்கு இப்போது ஆறு வயது முடிந்துவிட்டது. போன வாரம் எங்கள் டிவி, எங்கள் சொந்த டிவி, நின்றுபோயிற்று. ரிமோட்டின் பின்மூடியைக் கழற்றத்தான் செய்தேன். அவள் படிக்கட்டுக்கு ஓடி, "தாத்தா, அப்பா எதையோ கழட்டுறாங்க!" என்று கூவினாள்.

கீழேயிருந்து, மெதுவாக, குரலை உயர்த்தாமல் பதில் வந்தது.

"மிஸ்டர் செல்வம். பதினாலு."

ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டேன்.